அன்புக்கரசி பார்த்த தட்டு

சீழின் வாசனையை வைத்தே அது உடம்பில் எந்த இடத்தில் இருந்து எடுத்தது என்று அன்புக்கரசி சொல்லிவிடுவாள். காலில் முள் குத்திப் பழுத்தது ஒரு மாதிரி இருக்கும். காதில் இருந்து வருவது வேறு மாதிரி. வாயில் இருந்து வருவதுதான் எல்லாவற்றிலும் மோசம். குப்பியின் மூடியைத் திறந்த மாத்திரத்தில் அறை முழுக்கப் பரவி, மதியம் சோற்றுப் போசியைத் திறக்கும்போதும் மூக்கை விட்டுப் போகாது. முதல் ஆறு மாதம் அவள் மதியச் சோற்றைப் பாதிக்கு மேல் தின்றதில்லை. பிறகு பழகிவிட்டது.

ஆர்.எஸ்.புரத்தில் துணிக்கடை ஒன்றின் மாடியில் இருந்தது அந்தப் பரிசோதனைக்கூடம். அக்கம்பக்கத்துச் சிறிய ஆஸ்பத்திரிகள் சீழ், சளி, சிறுநீர் எல்லாவற்றையும் அங்கேதான் அனுப்பும். நடத்தியவர் டாக்டர் வெங்கடலட்சுமி. பீளமேட்டு மில்காரர் குடும்பத்துப் பெண். கிருமிகளைப் பற்றிப் படித்தவர். பேச்சில் சர்க்கரை தடவத் தெரியாதவர். அவருக்குக் கீழே வேலை செய்யும் டெக்னீஷியனாக 1988இல் அன்புக்கரசி சேர்ந்தாள்.

வேலை இதுதான். ஆட்டு ரத்தம் கலந்து உறையவைத்த செக்கச்செவேல் என்ற கூழ்த் தட்டில், கம்பி முனையால் சீழைத் தொட்டு இழுக்க வேண்டும். தட்டை உடம்புச் சூட்டில் இருக்கும் பெட்டிக்குள் ஒரு நாள் வைத்தால், சீழில் இருந்த கிருமிகள் புள்ளி புள்ளியாக முளைத்து நிற்கும். அவற்றை எடுத்து இன்னொரு தட்டில் பரப்பி, மருந்தில் தோய்த்த சின்னச் சின்னக் காகித வில்லைகளை மேலே வைப்பாள். மறுநாள் பார்த்தால், எந்த மருந்து கிருமியைக் கொல்லுமோ அந்த வில்லையைச் சுற்றி ஒன்றும் முளைக்காமல் ஒரு வட்டம் சுத்தமாகத் தெரியும். கொல்லாத மருந்தென்றால் வட்டமே இருக்காது. கிணற்று மேட்டு அருகம்புல் மாதிரி வில்லையின் விளிம்பு வரை முளைத்துக் கிடக்கும். எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்று தட்டைப் பார்த்து எழுதிக் கொடுத்தால், அதன்படி டாக்டர்கள் ஊசி போடுவார்கள்.

அவள் ஊர் கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் ஒரு காலனி. அப்பா தென்னந்தோப்பில் கூலி வேலை செய்தவர். தோப்புக்காரர் வீட்டுப் பின்கட்டில் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்த தம்ளரில் காப்பி குடித்துவிட்டு, அதைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்த மனிதர். மகளுக்கு வேலை கிடைத்ததும் அவளுடைய வெள்ளைக் கோட்டை வேறு யாரையும் துவைக்க விடமாட்டார். நீலம் போட்டு, தெருவைப் பார்த்த கொடியில் காயப்போடுவார். அந்தக் கோட்டு காலனிக்கே பொதுவான சொத்து மாதிரி ஆகிவிட்டது. யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அன்புக்கரசியைக் கேட்டார்கள். அவள் டாக்டர் இல்லை என்று சொன்னதை யாரும் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

வேலுமணியும் அப்படித்தான். பொள்ளாச்சிக்கும் உக்கடத்துக்கும் ஓடிய தனியார் பஸ் ஒன்றில் அவன் கண்டக்டர். தினமும் காலை ஏழேகாலுக்கு அந்த பஸ்ஸில்தான் அவள் ஏறுவாள்.

"டாக்டரம்மா, இப்படி முன்னால வந்து உக்காருங்க."

"நான் டாக்டரில்லீங்க. டெக்னீஷியன்."

"கோட்டு ஒண்ணுதானுங்களே?"

ஒரு வருஷம் இப்படிப் பேசியே போனது. அடுத்த வருஷம் தன் அம்மா பழனியாத்தாளை அழைத்துக்கொண்டு பெண் கேட்க வந்தான். கல்யாணத்துக்குப் பிறகு பழனியாத்தாளோடு அதே காலனியில் குடியிருந்தார்கள். அதற்கடுத்த வருஷம் மகள் பூவிழி பிறந்தாள். வேலுமணி வாய் ஓயாத மனிதன். பஸ்ஸில் ஏறும் கிழவிகளை எல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். விசில் ஊதுவதில் அவனுக்கென்று ஒரு முறை இருந்தது. நிறுத்துவதற்கு ஒரு நீளம், கிளம்புவதற்கு இரண்டு குட்டை, யாராவது படியில் தொங்கினால் கோபமாக ஒரு மூன்று. டிரைவர் சீனிவாசலு அந்த விசிலைக் கேட்டே பின்னால் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வார்.

பல்வலி முதலில் வந்தது 1993இல். வலதுபக்கக் கடைவாய்ப் பல். பாதி முளைத்தும் பாதி ஈறுக்குள் புதைந்தும் கிடந்தது. கன்னம் வீங்கி, கஞ்சி குடிக்கக்கூட வாய் திறக்க முடியாமல் இரண்டு நாள் கிடந்தான்.

"பல்லைப் புடுங்கிப் போடோணுமுங்க. வேற வழியில்லை" என்றாள் அன்புக்கரசி.

"கடவாப் பல்லைப் புடுங்குனா கண்ணு நரம்பு செத்துப்போகும் அம்மணி. அப்புறம் அஞ்சு ரூவாய்க்கும் அம்பது ரூவாய்க்கும் வித்தியாசம் தெரியாம நான் டிக்கெட் கிழிக்கிறதா?"

"அதெல்லாம் சும்மா பேச்சுங்க. எங்க லேப்புல வந்து கேளுங்க."

"எங்கப்பனுக்குப் பல்லு புடுங்குன வருசந்தான் கண்ணுல பூ விழுந்துச்சு. நான் பார்த்தவன்."

அதற்கு மேல் பேச முடியாது. பரிசோதனைக்கூடத்துக்குக் கீழே, துணிக்கடைக்குப் பக்கத்தில் இருந்த கிளினிக்கில் மருந்துக் கம்பெனிக்காரர்கள் சாம்பிள் மாத்திரைகளை வைத்துவிட்டுப் போவார்கள். விற்பனைக்கு அல்ல என்று அச்சடித்த அட்டைகள். அங்கே இருந்த நர்ஸ் அதில் கொஞ்சம் எடுத்து மாடிக்காரர்களுக்கும் கொடுப்பாள். அப்படி வந்த காப்ஸ்யூல் அட்டை ஒன்று அவள் கைப்பையில் இருந்தது. கொடுத்தாள். நான்கு வேளை போட்டான். வீக்கம் வடிந்தது.

"போதும். வயிறு எரியுது" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனான்.

மீதி மாத்திரையை அவள் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தாள்.

இது தப்பு என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரியும். டாக்டர் வெங்கடலட்சுமி டெலிபோனில் மற்ற டாக்டர்களிடம் நாளுக்கு நான்கு தடவை இதையே சொல்வார். "பாதியில நிறுத்துனா சாகாத கிருமிதான் மிஞ்சும். மிஞ்சுனதுதான் குட்டி போடும். மருந்தை முழுசாக் கொடுங்க, இல்லைன்னா கொடுக்காதீங்க." அதைக் கேட்டுக்கொண்டே அன்புக்கரசி தட்டில் கம்பி இழுப்பாள். வருஷத்துக்கு வருஷம் தட்டுகளில் வட்டங்கள் சுருங்கி வருவதை ஊரில் வேறு யாரும் பார்ப்பதற்கு முன்னால் பார்த்தவளும் அவள்தான். அவள் வேலைக்குச் சேர்ந்த வருஷம் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு வட்டம் விழுந்த மருந்துக்கு, இப்போது சட்டைப் பொத்தான் அளவுகூட விழுவதில்லை.

ஆனால் அது தட்டு. இது வீடு. விடிந்தால் வேலைக்குப் போகவேண்டிய மனிதன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருக்கும்போது, டப்பாவில் இருக்கும் மாத்திரையைக் கொடுக்காமல் இருக்க அவளுக்கு மனசு வரவில்லை. நான்கு வருஷத்தில் ஒன்பதோ பத்தோ தடவை அந்தப் பல் வீங்கியது. ஒவ்வொரு தடவையும் டப்பாவில் எது இருந்ததோ அது போனது. சிவப்பும் மஞ்சளுமாக இருந்தால் அது, வெள்ளையாக இருந்தால் அது. ஒவ்வொரு தடவையும் இரண்டு நாளில் வலி நின்றது, மாத்திரையும் நின்றது.

ஒருமுறை பல் ஆஸ்பத்திரியில் நாள் வாங்கிவிட்டு, அவனைக் கையைப் பிடித்தே அழைத்துக்கொண்டு போனாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "சித்தெ இரு, வெத்தலையைத் துப்பிட்டு வாரேன்" என்று போனவன் திரும்பி வரவில்லை. பொழுதோடு வீட்டுக்கு வந்தால், பூவிழியை மடியில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்குக் கோபப்பட்டிருக்க வேண்டும் என்று பின்னால் எத்தனையோ நாள் நினைத்தாள்.

1997ஆம் வருஷம் புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் வீங்கியது. டப்பாவில் ஆறு மாத்திரை இருந்தது. கொடுத்தாள். திங்கட்கிழமை வீக்கம் குறையவில்லை. ஆனாலும் மாற்றுக் கண்டக்டர் ஊரில் இல்லை என்று துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனான். செவ்வாய்க்கிழமை காலையில் அவள் நேரத்தோடு கிளம்ப வேண்டியிருந்ததால் வேறு பஸ்ஸில் போய்விட்டாள். சாயங்காலம் வேலை முடிந்து உக்கடத்துக்கு வந்தபோது, சீனிவாசலு பஸ்ஸில் இருந்து இறங்கி அவளை நோக்கி வேகமாக வந்தார்.

"ஏம்மா, இன்னைக்கு உங்கூட்டுக்காரர் ஒரு விசிலும் ஊதலை. தகரத்தைத் தட்டித் தட்டியே வண்டி ஓட்டுனோம். கேட்டா பேச மாட்டீங்கறார். என்னன்னு சித்தெ பாரு."

வேலுமணி கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்தான். வாயோரம் எச்சில் வழிந்து துண்டு நனைந்திருந்தது. அன்புக்கரசி துண்டை விலக்கினாள். வீக்கம் ஒரு பக்கமாக இல்லை. தாடைக்குக் கீழே, இந்தக் காதில் இருந்து அந்தக் காது வரை பரவியிருந்தது. விரலை வைத்து அழுத்தினாள். சதை மாதிரி இல்லை. பலகையைத் தொட்ட மாதிரி இருந்தது. நாக்கு மேலே தள்ளிக்கொண்டு நின்றது.

"மூச்சு விட முடியுதுங்களா?"

சூடான உருளைக்கிழங்கை வாயில் வைத்துக்கொண்டு பேசுகிறவன் மாதிரி அவன் ஏதோ சொன்னான். அவளுக்குப் புரியவில்லை.

ஒன்பது வருஷமாக வாய்ச் சீழைப் பார்த்திருக்கிறாள். அந்தச் சீழ் வந்த முகத்தை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. குப்பியின் மேலே ஒரு எண், படிவத்தில் ஒரு பெயர், வயது. அவ்வளவுதான் அவளிடம் வந்து சேரும். கிருமி தாடைக்கு அடியில் இறங்கினால் கழுத்தே இறுகி மூச்சை அடைக்கும் என்று புத்தகத்தில் படித்தது அந்த நிமிஷத்தில்தான் ஞாபகம் வந்தது. சீனிவாசலு ஆட்டோவை நிறுத்தி வைத்திருந்தார். மூன்று பேரும் நேராக ஆர்.எஸ்.புரத்துக்குப் போனார்கள். அவளுடைய பரிசோதனைக்கூடத்துக்குக் குப்பிகள் அனுப்பும் ஆஸ்பத்திரிகளில் ஒன்றில் அவனைச் சேர்த்தார்கள்.

சர்ஜன் அதிகம் பேசவில்லை. "கழுத்துல ஓட்டை போட்டு மூச்சுக்கு வழி பண்ணணும். அப்புறந்தான் சீழை எடுக்க முடியும். கையெழுத்துப் போடுங்க" என்றார். அவள் போட்டாள். ஒரு மணி நேரம் கழித்து அவனை வெளியே கொண்டுவந்தபோது கழுத்தில் ஒரு குழாய் இருந்தது. தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் கீறி, ரப்பர் துண்டு வைத்திருந்தார்கள். நான்கு வருஷமாக அவன் பிடுங்க விடாத பல், ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் கிடந்தது.

புதன்கிழமை காலை அவனுடைய சீழ்க் குப்பி அவள் மேசைக்கு வந்தது. படிவத்தில், வேலுமணி, வயது 36, ஆண் என்று எழுதியிருந்தது. டாக்டர் வெங்கடலட்சுமி அதைக் கையில் எடுத்தார்.

"அன்பு, நீ ஆஸ்பத்திரிக்குப் போ. இதை நான் பார்த்துக்கறேன்."

"இல்லீங்க மேடம். நானே போடறனுங்க."

மூடியைத் திறந்தாள். பழகிப்போன அதே வாசனை. கம்பி அழுந்தித் தட்டைக் கீறிவிட்டது. இன்னொரு தட்டு எடுத்துப் போட்டாள்.

அன்று மதியம் பழனியாத்தாள் பூவிழியை அழைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். அப்பாவின் கழுத்துக் குழாயைப் பார்த்துப் பிள்ளை பயந்து பாட்டியின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. வேலுமணி கையை நீட்டி, தூரத்தில் இருந்தே அதன் காலைத் தொட்டான்.

வியாழக்கிழமை காலை அவள் கூடத்துக்குப் போய், முளைத்ததை இன்னொரு தட்டில் பரப்பி வில்லைகளை வைத்துவிட்டு வந்தாள். அன்று அவனுக்குக் கொஞ்சம் தேவலை போல இருந்தது. வழக்கமாகப் போடும் ஊசிகள் எல்லாம் ஏறிக்கொண்டிருந்தன. காய்ச்சல் சற்று இறங்கியிருந்தது. பேச முடியாததால் காகிதமும் பேனாவும் கேட்டான். வாய் ஓயாத மனிதன் இப்போது கை ஓயாமல் எழுதினான். பூவிழி சாப்பிட்டாளா. சீனிவாசலுவிடம் விசிலை வாங்கி வை. பக்கத்துக் கட்டில் கிழவர் கொடுவாய் ஊர்க்காரர், என் பஸ்ஸில் வந்திருக்கிறார். பிறகு வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்துவிட்டு எழுதினான்: "நீ சொன்னப்பவே பல்லைப் புடுங்கி இருக்கோணும். தப்பு என்னுது. நீ எத்தனை தடவை மாத்திரை கொடுத்துப் பார்த்தே."

அன்புக்கரசி படித்தாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லத் தொடங்கினால் எதில் இருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. காகிதத்தை நான்காக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, "சீக்கிரம் வீட்டுக்குப் போயிரலாமுங்க" என்று மட்டும் சொன்னாள். அவன் தலையசைத்தான்.

அன்று பொழுதோடு காய்ச்சல் மறுபடியும் ஏறியது. வெள்ளிக்கிழமை காலையில் நெஞ்சைக் காட்டி, அங்கே வலிக்கிறது என்று சைகை செய்தான். அவள் பரிசோதனைக்கூடத்துக்கு ஓடினாள். டாக்டர் இன்னும் வரவில்லை. சூட்டுப் பெட்டியைத் திறந்து தட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

முதல் வில்லையைச் சுற்றி வட்டம் இல்லை. இரண்டாவதைச் சுற்றியும் இல்லை. அந்த இரண்டும் டப்பாவில் இருந்த மாத்திரைகளின் மருந்துகள்தான். மூன்று, நான்கு, ஐந்து என்று தட்டைச் சுற்றிக்கொண்டே வந்தாள். மூன்று நாளாக அவன் கையில் ஏறிக்கொண்டிருந்த ஊசி மருந்தின் வில்லையும் அதில் இருந்தது. அதன் விளிம்பிலும் பொன்னிறத்தில் புள்ளிகள் நெருக்கி முளைத்திருந்தன. கடைசியாக வைத்த ஒன்றைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம் தெரிந்தது. அது அப்போது எளிதில் கிடைக்கும் மருந்து இல்லை.

எத்தனையோ பேருடைய தட்டுகளை இப்படிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'கேட்காது', 'கேட்காது' என்று குறித்து, அடுத்த தட்டுக்குப் போயிருக்கிறாள். டாக்டர் வெங்கடலட்சுமி உள்ளே வந்தபோது அவள் அளவுகோலை வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள். அவர் தட்டை வாங்கிப் பார்த்தார். டெலிபோனை எடுத்து சர்ஜனைக் கூப்பிட்டார். பிறகு அந்த ஒரு மருந்துக்காக ஊரில் தனக்குத் தெரிந்த மருந்துக்கடைகளுக்கு எல்லாம் வரிசையாகப் பேசினார். சீனிவாசலு போய் வாங்கிக்கொண்டு வந்தார். மதியம் பன்னிரண்டரைக்கு அது வேலுமணியின் கையில் ஏறத் தொடங்கியது.

ஆனால் கிருமி அதற்குள் கழுத்தைத் தாண்டி நெஞ்சுக்குள் இறங்கியிருந்தது. சனிக்கிழமை அவனுக்கு நினைவு தப்பியது. ஞாயிற்றுக்கிழமை மதியம், வராந்தாவில் பழனியாத்தாள் பேத்திக்குத் தயிர்ச்சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்த நேரத்தில் வேலுமணி இறந்தான். அன்புக்கரசி பக்கத்தில் இருந்தாள். கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். உயிர் எப்போது போனது என்று அவளுக்குத் தெரியவில்லை. நர்ஸ் வந்துதான் சொன்னாள்.

காலனியில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கழுத்தில் கத்தி வைத்தால் எவன் பிழைப்பான் என்றார்கள். பல்லைப் பிடுங்கியதுதான் வினை, அவன் அப்பனுக்குக் கண் போயிற்று, இவனுக்கு உயிர் போயிற்று என்றார்கள். பழனியாத்தாள் மட்டும் துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் ஒன்றையே சொல்லி அழுதாள். "எம்பட மருமவ மேல குத்தமே இல்லை சாமி. நாலு வருசமா மருந்து மாத்திரைன்னு அவளாட்டப் பார்த்தவங்க ஆரு? அவ இருந்ததாலதான் இத்தனை நாள் இருந்தான்." அதைக் கேட்கும்போதெல்லாம் அன்புக்கரசி எழுந்து சமையற்கட்டுக்குப் போய்விடுவாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் வேலைக்குப் போனாள். டாக்டர் அவளை உட்காரச் சொன்னார்.

"ஃப்ரிட்ஜுல அந்தத் தட்டு இருக்கு. நானே அழிச்சிருக்கலாம். உன்னைக் கேட்காமச் செய்ய மனசு வரலை."

கீழ்த்தட்டில் ஓரமாக இருந்தது. மூடியின் மேல் அவளுடைய கையெழுத்தில் அவன் பெயரின் முதல் எழுத்தும் எண்ணும் இருந்தன. கூழ் காய்ந்து ஓரங்களில் சுருங்கியிருந்தது. உள்ளே முளைத்தவை அப்படியே இருந்தன. அவன் உடம்பைப் பொள்ளாச்சி ரோட்டோரத்து மயானத்தில் வைத்துப் பதினேழு நாளாயிற்று. அந்த உடம்பில் இருந்து வந்தது இங்கே குளிருக்குள் இன்னும் உயிரோடு இருந்தது. அவளுக்கு அதன்மேல் கோபம் வரவில்லை. தூக்கிப் போடவும் கை வரவில்லை. கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிறகு தலையைத் தூக்காமலே எல்லாவற்றையும் சொன்னாள். சாம்பிள் மாத்திரை, பிஸ்கட் டப்பா, ஒன்பதோ பத்தோ தடவை, ஒவ்வொரு தடவையும் பாதி.

டாக்டர் வெங்கடலட்சுமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அன்பு, உன் மாத்திரையாலதான் இதுன்னு எந்த மைக்ராஸ்கோப்பும் சொல்லாது. ஊரே இப்படித்தான் முழுங்குது. வேற எங்கிருந்தும் அவருக்கு வந்திருக்கலாம்." ஆறுதலாக அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் பொய் சொல்லத் தெரியாதவர். "உன் மாத்திரையால இல்லைன்னும் எதுவும் சொல்லாது."

"தெரியுமுங்க மேடம்."

எழுந்து போய், தட்டை மற்றத் தட்டுகளோடு சேர்த்து கிருமிகளைக் கொல்லும் நீராவிக் கொப்பரைக்குள் அடுக்கி, மூடியை முறுக்கினாள். அழுத்தம் ஏறும் சத்தம் கேட்கும் வரை பக்கத்தில் நின்றாள். அதற்குப் பிறகுதான் அன்றைக்கு வந்த குப்பிகளை எடுத்தாள்.

மார்கழி பிறந்து சில நாளில் பழனியாத்தாளுக்குப் பல்வலி வந்தது. இரண்டு நாள் கிராம்பு வைத்துக் கடித்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் மருமகள் வேலையில் இருந்து வந்ததும், கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"கண்ணு, வேலுமணிக்குக் கொடுப்பியே, அந்தச் செவப்பு மாத்திரை, ரெண்டு இருந்தாக் கொடு சாமி. ஒறங்கி ரெண்டு நாளாச்சு."

அன்புக்கரசி கைப்பையைக் கீழே வைத்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"அது இனி இல்லீங்க அத்தே. அதைக் கொடுத்திருக்கவே கூடாதுங்க."

"ஏன் சாமி?"

"முழுசாக் கொடுத்திருக்கோணும். இல்லாட்டிப் பல்லைப் புடுங்க வெச்சிருக்கோணும். பாதி பாதியாக் கொடுத்துக் கொடுத்து, கடைசில எந்த மருந்தும் கேக்காமப் போச்சுங்க. ஆஸ்பத்திரில போட்ட ஊசிகூடக் கேக்கலை. நான்தான் அத்தே தட்டுல பார்த்தேன்."

பழனியாத்தாளுக்குத் தட்டு என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் மற்றது புரிந்தது. கன்னத்தில் இருந்த கை கீழே இறங்கியது.

"தெரிஞ்சா கொடுத்தே?"

"பாதியில நிறுத்துனா ஆகாதுன்னு தெரியுமுங்க. இப்படி ஆகும்னு தெரியலீங்க."

கிழவி எழுந்து வெளியே போய்விட்டாள். அதற்குப் பிறகு மூன்று நாள் மருமகளோடு பேசவில்லை. சோறு ஆக்கி வைத்தாள், பேத்திக்குத் தலை வாரினாள், பல்வலியைப் பொறுத்துக்கொண்டாள். கண்ணு என்று கூப்பிடும் குரல் மட்டும் வீட்டில் கேட்கவில்லை. அன்புக்கரசி காலையில் போனாள், சாயங்காலம் வந்தாள். அம்மா வீட்டுக்குப் போய்விடலாமா என்று ஒரு நாள் பெட்டியைக்கூட எடுத்தாள். பூவிழி, "எங்கம்மா போறோம்?" என்று கேட்டதும் திரும்ப வைத்துவிட்டாள்.

நான்காம் நாள் காலை அவள் கிளம்பியபோது, பழனியாத்தாள் நல்ல சேலை கட்டி வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"எந்த ஆஸ்பத்திரி?" என்றாள்.

இருவரும் சேர்ந்து போனார்கள். பல் டாக்டர் ஊசி போட்டுப் பல்லை எடுத்தார். பழனியாத்தாள் ஒரு கையால் நாற்காலியையும் மறு கையால் மருமகளின் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடித்த இடம் சிவந்துவிட்டது. ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். தினமும் மூன்று வேளை. மதிய வேளை மாத்திரையைப் பக்கத்து வீட்டில் சொல்லிக் கொடுக்க வைத்தாள். காலையிலும் சாயங்காலமும் அன்புக்கரசி தண்ணீரோடு முன்னால் உட்கார்ந்து, விழுங்கும் வரை பார்த்துக்கொண்டே இருப்பாள். மூன்றாம் நாளே வலி போய்விட்டது, இனி எதற்கு என்று கிழவி கேட்கவில்லை. "இன்னும் எத்தனை?" என்று மட்டும் கேட்பாள். இவள் எண்ணிக்கையைச் சொல்வாள்.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலத்தோடு கடைசி மாத்திரை. விழுங்கிவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தாள் பழனியாத்தாள்.

"அவனுக்கும் இப்படி முன்னால உக்காந்து கொடுத்திருக்கலாமுல்ல, கண்ணு."

அதில் கோபம் இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். கண்ணு என்று கூப்பிட்டுவிட்டாளே என்பதைத்தான் அன்புக்கரசியால் தாங்க முடியவில்லை.

"ஆமாங்க அத்தே" என்றாள்.

கிழவி அழுதாள். இவளும் அழுதாள். வேலுமணி போன நாளில் இருந்து இருவரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து அழுதது அன்றைக்குத்தான்.

அதன் பிறகும் காலனியில் மாத்திரை கேட்டு வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். அன்புக்கரசி இல்லை என்றாள். படித்த திமிர் என்று சிலர் பேசினார்கள். முத்தாத்தாள் என்ற பக்கத்துத் தெருக்காரி, புருஷனை முழுங்கியும் புத்தி வரவில்லை என்று காதுபடவே சொன்னாள். அன்புக்கரசி வேலைக்குப் போகாத நாட்களில், கன்னம் வீங்கியவர்களைக் கூட்டிக்கொண்டு பொள்ளாச்சிக்கு பஸ் ஏறினாள். வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். வழியில் கிணத்துக்கடவு ஸ்டாப்பிலேயே இறங்கி ஓடியவர்களும் உண்டு.

தட்டுகளில் வட்டங்கள் அதன் பிறகும் சுருங்கிக்கொண்டுதான் வந்தன. அவள் அளந்து எழுதினாள். ஒரே ஒரு மாற்றம் இருந்தது. புதிதாக ஒரு குப்பி வந்தால் இப்போதெல்லாம் எண்ணைப் பார்க்கும் முன்னால் பெயரைப் படிப்பாள். பெயரைப் படித்த பிறகு வயதைப் படிப்பாள். வாய்ச் சீழாக இருந்தால் அனுப்பிய ஆஸ்பத்திரிக்கு டெலிபோன் செய்து, அந்த ஆள் இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்பாள். அது அவள் வேலை இல்லை. டாக்டர் வெங்கடலட்சுமி அதைக் கேட்டும் கேளாதவர் போல இருந்துவிடுவார்.